உனக்கு உப்பைக் குறைத்தவள் எழுதுவது

என் பார்வதியக்காவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் உனக்கு யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் உப்பைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல். இதை எழுதும்போதே நீ முகத்தைச் சுளிப்பது எனக்குத் தெரிகிறது.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்கும் பிரஷர் வந்துவிட்டது அக்கா. நீ இருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பாய். "என்னைப் போட்டு என்னா பாடு படுத்துன, இப்ப நீ சாப்பிடு லா அந்தச் சப்புன்னு இருக்கிற சாம்பார" என்று சொல்லியிருப்பாய். நீ சொல்ல வழியில்லாததால் நானே உன் குரலில் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.

உனக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை வைத்திருந்தார்கள். பிரசாதம் வாங்கப் போன நீ, சும்மா ஒரு வேடிக்கைக்குக் கையை நீட்டினாய். நர்ஸ் மிஸ்ஸி பட்டையைக் கட்டிப் பார்த்தாள். பிறகு அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தாள். அப்புறம் உன்னை எழுந்திருக்கவே விடவில்லை. உனக்குத் தலைவலிகூட இல்லை. "எனக்கு ஒண்ணும் செய்யலியே" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அதுதான் இதில் மோசம் என்று அந்த மிஸ்ஸி சொன்னாள்.

அன்றைக்கே நம் வீட்டைவிட்டுக் கருவாடு போனது. அப்பளம் போனது, ஊறுகாய் போனது, கிச்சாப் சோயா சாஸ் போத்தல் குப்பைக்குப் போனது. நம் ஊர் புந்தோங்கில் இருந்துகொண்டு கச்சாங் பூத்தே கடைப் பக்கமே போகாமல் ஒருத்தி வாழ முடியுமா என்று நீ கேட்டாய். கடலையும் முறுக்கும் பொரிகிற வாசனை தெருமுனையில் வரும்போது நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடப்பேன். உப்பைக் குறைத்த இடத்தில் எலுமிச்சையும் மிளகும் மல்லித்தழையும் போட்டுப் பழகினேன். பூண்டை முழுதாக வேகவைத்து ரசத்தில் விட்டேன். பின்சந்து முருங்கையில் வாரம் தவறாமல் கீரை ஒடித்தேன்.

இதெல்லாம் இருக்கிறதே, மாத்திரை எதற்கு என்று நீ டாக்டரிடம் கேட்டதும் அந்தச் சின்னப் பெண் கோபப்படாமல் சொன்னாள்: "பூண்டு சாப்பிடுங்க, கீரை சாப்பிடுங்க, நடங்க, எல்லாமே நல்லதுதான். ஆனா மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. குறைக்கணும்னா நாங்க சொல்றோம்." பல வருடம் அப்படியே நடந்தோம். ஒரு நாள் அவளே உன் மாத்திரையில் ஒன்றைக் குறைத்தாள். நீ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பரிசு வாங்கிய பிள்ளையைப் போல வந்தாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது பிரஷரே இல்லை. ஒரு கொசு. டெங்கிக் காய்ச்சல் என்று சேர்த்தோம். அந்த வாரம் முடியும் முன்னே நீ இல்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துக் காத்ததை வேறொன்று வந்து தூக்கிப்போனால், அதற்காக யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

நீ தாலியைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவள், நான் கட்டிக்கொள்ளாமலே இருந்துவிட்டவள். கோப்பெங் பக்கத்து எஸ்டேட்டை முதலாளி விற்றதும் எல்லாரும் கிளம்பியபோது நாம் இருவரும் ஒன்றாக இந்த வீட்டுக்கு வந்தோம். நீ ரவிக்கை தைத்தாய், நான் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனேன். நாம் இருவரும் ஒரு குடும்பம் என்று யாரும் சொன்னதில்லை. நீ போன பிறகுதான் அது ஒரு குடும்பமாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் போனதும் நான் அடுப்படிக்குப் போய் நின்றேன். சமைக்கத் தெரியவில்லை அக்கா. கை மறக்கவில்லை, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பதுதான் தெரியவில்லை. அள்ளிப் போட்டேன், மிஞ்சியது, கொட்டினேன். பிறகு அந்தத் தொல்லையும் வேண்டாமென்று ரொட்டி, பாக்கெட் மீ நூடுல்ஸ், கருவாடு என்று ஆகிவிட்டது. கருவாடு கெட்டுப்போகாது, ஒரு துண்டு பொரித்தால் போதும். உனக்காக வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் விரட்டியதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அலமாரியில் உட்கார்ந்தன.

மாலையில் பாடாங்கைச் சுற்றி நடக்கிற நேரம் வரும். செருப்பை மாட்டுவேன். வாசல்வரை போவேன். அந்தத் திடலைத் தனியாகச் சுற்றினால், பார்க்கிறவர்கள் "அக்கா எங்கே" என்று கேட்பார்கள். கேட்காதவர்கள் அதைவிட மோசம், இரக்கமாகப் பார்ப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

ஒரு காலை பாசாருக்குக் காய் வாங்கப் போனேன். நமக்கென்று செலரித்தழை எடுத்துவைப்பாளே, அந்தக் காய்கறிக்காரச் சீன ஆன்ட்டி, அவளுக்கு விஷயம் தெரியாது. என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே, "காக்கா மானா?" என்றாள். அக்கா எங்கே என்று அவள் மலாயில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்லியிருக்கலாம், மலாயில் சொல்லியிருக்கலாம். எனக்கு எந்த மொழியும் வரவில்லை. பின்கழுத்திலிருந்து ஏதோ ஏறி வந்தது. தக்காளிக் கூடையைப் பிடித்தேன், கூடையும் என்னோடு வந்தது.

கண் விழித்தபோது ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆன்ட்டி என் முகத்துக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். "காக்கா சுடா தக் அடா" என்றேன். அக்கா இல்லை என்று முதன்முதலாக அப்போதுதான் என் வாயால் சொன்னேன். அவள் விசிறுவதை நிறுத்திவிட்டாள். பிறகு கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் மகளிடம் காரை எடுக்கச் சொன்னாள்.

கிளினிக்கில் மிஸ்ஸி கருவியைப் பார்த்தாள், அவிழ்த்து மறுபடி கட்டினாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"வீட்ல யாரும்மா சமைக்கிறது?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

"யாருக்கு?"

"யாருக்கும் இல்ல."

அவள் எழுதுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நம் ஊர்ப் பெண்தான், சின்ன வயது. "நீங்க இருக்கீங்கல்ல?" என்றாள்.

மாத்திரை கொடுத்தார்கள். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது, எவ்வளவு நடக்கவேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஒன்று சொன்னால் அடுத்ததை நானே சொன்னேன். "எல்லாம் தெரிஞ்சிருக்கே, அப்புறம் ஏம்மா?" என்று கேட்டாள். தெரியாததால் வந்ததா இது?

வீட்டில் உன் பிரஷர் கருவி இருக்கிறது. அளப்பதற்கு முன் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும், பேசக்கூடாது என்பார்களே, உன்னால் அது ஒரு நாளும் முடிந்ததில்லை. பட்டை இறுகிக்கொண்டிருக்கும்போதுதான் உனக்கு எதிர்வீட்டுக் கதை ஞாபகம் வரும். "வாய மூடுக்கா" என்று நான் கத்துவேன், இருவருக்கும் சிரிப்பு வந்து அளவு ஏறிப்போகும். இப்போது எனக்கு அந்தச் சிரமமே இல்லை. காலையில் எழுந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். அவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தும் அளவு இறங்கவில்லை.

உன் தையல் சாமான்களை ஒதுக்கும்போது பொத்தான் டப்பாவுக்குள் ஒரு பொட்டலம் அசாம் போய் கிடந்தது. உப்பில் ஊறிக் காய்ந்த அந்தப் பிளம்ஸ் பழம், பாதி தின்று ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தாய். எத்தனை காலமாக இந்தத் திருட்டு? திட்ட வாயைத் திறந்தேன். பிறகு பொட்டலத்தை அப்படியே டப்பாவுக்குள் வைத்து மூடினேன்.

எதிர்வீட்டு மணியம் அண்ணனைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். லாரி ஓட்டுகிற அந்தப் பெரிய உடம்பு இப்போது ஒரு நாற்காலியில் இருக்கிறது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் யாரோ பச்சை இலைச்சாறு போத்தல் விற்றிருக்கிறான், இதைக் குடித்தால் பிரஷர் மாத்திரையே வேண்டாம் என்று. இவர் போத்தலை வைத்துக்கொண்டு மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு காலையில் வாய் கோணி, இடதுகை தூக்க வரவில்லை. நல்லவேளை, அவர் மனைவி கலா உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாள். சின்ன ஸ்ட்ரோக் என்றார்கள், தேறிவருகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கலா நம் கதவைத் தட்டினாள். வாசலிலேயே நின்று அழுதாள்.

"மாத்திர சாப்பிட்டா கிட்னி போயிரும்னு யாரோ சொல்லிட்டாங்கக்கா. அதுலதான் இவரு பயந்துட்டாரு."

"மாத்திர இல்ல கலா, பிரஷர அப்படியே விட்டாத்தான் கிட்னி போகும். பார்வதியக்காகிட்ட டாக்டர் சொன்னது அது."

"உப்பில்லாம எப்படிக்கா சமைச்சீங்க? நான் ஆக்குனா வாயில வைக்க முடியல. தட்ட தள்ளி விட்டுட்டாரு."

நான் அவள் வீட்டு அடுப்படிக்குப் போனேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மல்லித்தழை நறுக்கினேன். உப்பை ஒரேயடியாக நிறுத்தாதே, நாக்குக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை என்று சொல்லிக் கொடுத்தேன். மீனை மஞ்சள், மிளகு, எலுமிச்சையில் ஊறவைத்து வாழையிலையில் சுட்டோம். பூண்டு ரசம், பாசிப்பருப்புப் போட்ட கீரை. அண்ணன் முன்னால் தட்டை வைத்ததும் ஒரு வாய் எடுத்துவிட்டு முறைத்தார்.

"என்னா லா இது, ஆஸ்பத்திரில இருந்து வந்தும் ஆஸ்பத்திரி சோறா?" பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது. அப்படியே உன் பேச்சு அக்கா. எனக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே மீனை முள்வரை சாப்பிட்டார்.

தினமும் போனேன். கலா கற்றுக்கொண்டாள். ஒரு மத்தியானம் பரிமாறிவிட்டு நான் கிளம்பும்போது அண்ணன் வலதுகையால் என் தட்டு இருக்கவேண்டிய இடத்தைத் தட்டினார்.

"ஒங்களுக்கு எங்க?"

"வீட்ல இருக்குண்ணே."

"என்னா இருக்கு?"

அவர் சும்மாதான் கேட்டார். வீட்டில் ரொட்டியும் நேற்றைய கருவாடும் இருந்தன. இத்தனை நாளும் அவருக்கு எலுமிச்சை பிழிந்து கொடுத்துவிட்டு, நான் தெருவைத் தாண்டி வந்து கருவாடு தின்றுகொண்டிருந்தேன். ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன். வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கருவாட்டை எடுத்து வெளியே போட்டேன். ஒரு கைப்பிடி அரிசி அளந்தேன். கீரை ஆய்ந்தேன். தட்டு போட்டு உட்கார்ந்து, எதிரில் யாருமில்லாமல், கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. அதுதான் என்னை அழவைத்தது.

மறுநாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு பாடாங்குக்கும் போனேன். கேட்டவர்களிடம் அக்கா இல்லை என்று சொன்னேன். ஒவ்வொரு தடவையும் நடை கொஞ்சம் நின்றது, பிறகு போனது. போன மாதம் மிஸ்ஸி பட்டையை ஒரே தடவைதான் கட்டினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். வீடு இன்னும் பேசாமல்தான் இருக்கிறது. சாயங்காலம் விளக்குப் போடும் நேரம் மட்டும் எனக்குப் பழகவே இல்லை. கலா கூப்பிடுகிறாள், போகிறேன், திரும்பி வரத்தானே வேண்டியிருக்கிறது? இதற்கு எந்தக் கீரையில் மருந்து இருக்கிறது அக்கா? உனக்குத் தெரிந்தால் கனவிலாவது வந்து சொல்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பசித்தவளுக்குச் சோறு போடுவதுபோல எனக்கு நானே போடுவேன். உனக்கு ஏமாற்றாமல் சமைத்தது போலவே எனக்கும் சமைப்பேன். மனம் வராத நாளிலும் அடுப்பைப் பற்றவைப்பேன். நீ பெரியவள், முன்னால் போய்விட்டாய். நான் அவசரப்பட்டு வரமாட்டேன்.

ஒரு தட்டுச் சோறு வடித்துவைத்துவிட்டு இதை முடிக்கிறேன்,
உன்னோடு பிறந்தவள், உன் தங்கச்சி,
சாந்தி