சல்லடை மேல் நின்ற கற்கள்

மே 14, புதன்

சாயங்காலம் தரமணியில் பறக்கும் ரயில் ஏறியதும் புணேயிலிருந்து தங்கை வசந்தி போன் செய்தாள். அங்கே மலைச்சரிவில் அவளும் அவள் கணவரும் வைத்த கொய்யாக் கன்றுகளில் பாதிக்கு மேல் கருகிவிட்டனவாம்.

அந்த மண்ணைப் போன வருடம் எங்கள் ஆய்வகத்தில் சோதித்தவள் நான்தான். எரிமலைப் பாறை உடைந்து உண்டான கறுப்பு மண். எப்போதும்போல் சலித்து, கீழே விழுந்த தூளை மட்டும் சோதித்தோம். சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம் எல்லாம் தாராளமாக இருந்தது. ‘நல்ல மண்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உதவியாளர் ஏழுமலை அன்றே சல்லடையைக் காட்டிக் கேட்டார். "மேடம், பாதிக்கு மேல கல்லுதான் கீது. எடை போட்டு எழுதவா?"

"வேணாம், கொட்டிடுங்க" என்றேன். நம் வீட்டு மண்தானே என்ற அலட்சியம்.

கன்றுகளை நட்டது அந்தத் தூளில் இல்லையே, கல்லோடு சேர்ந்த மண்ணில் அல்லவா? ஊற்றிய தண்ணீரெல்லாம் நிற்காமல் கீழே ஓடியிருக்கும்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். வசந்தி முந்திக்கொண்டாள். "மண்ணு மேல தப்பில்லைக்கா, நீயே பார்த்துச் சொன்னதாச்சே. நாங்கதான் சரியா தண்ணி விடலை. நாளைலேர்ந்து ரெண்டு வேளையும் கீழேர்ந்து குடத்துல தூக்கிண்டு வரேங்கறார் இவர், அந்த முட்டி வலியோட."

"ஸ்டேஷன் வந்துடுத்து, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்தேன்.

நான் இறங்கவேண்டிய திருமயிலைக்கு இன்னும் நாலு ஸ்டேஷன் இருந்தது.