ரொட்டி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று கடைகளில் தராசு சோதித்தேன். மீன்கடைத் தராசு மட்டும் கிலோவுக்கு முப்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "இந்த நேரத்துலயும் விட மாட்டீங்களா இன்ஸ்பெக்டர் மேடம்?" என்றார். இருபத்தாறாவது வாரம். விட மாட்டேன்.

மதியம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு. போன வாரம் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்களே, அதன் முடிவு வந்துவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை நோயாம். இனிப்பே பிடிக்காத எனக்கா?

மார்ச் 6

செவிலியர் ஒரு சின்னக் கருவி கொடுத்தார். விரலைக் குத்தி ஒரு சொட்டு. காலையில் வெறும் வயிற்றில் 95க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குள் இருக்க வேண்டும்.

"ஏன் வருது?" என்று கேட்டேன்.

"நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன் உங்க இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாது. சில உடம்பு சமாளிச்சுக்கும். சில உடம்பு திணறும்."

"குழந்தைக்கு?"

"உங்க ரத்தத்துல இருக்கற சர்க்கரை அதுக்கும் போகும். அளவுக்கு மேல பெருசாகலாம், பிரசவம் கஷ்டமாகலாம். பிறந்ததும் அதோட சர்க்கரை சட்டுனு இறங்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கருவியையே சோதித்தேன். ஒரே விரல், இரண்டு சொட்டு: 104, 109. தராசாக இருந்தால் முத்திரை குத்தியிருக்க மாட்டேன். போன் போட்டுக் கேட்டேன். அந்த அளவு வித்தியாசம் சகஜம் என்று செவிலியர் சிரித்தார்.

மார்ச் 7

காலையில் என் கணவர் சுட்ட ரொட்டி இரண்டு துண்டு, ஜாம். ஒரு மணி நேரம் கழித்து 186.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பதினான்கு வருடமாகப் பேக்கரியில் ரொட்டி சுடுகிற மனுஷன். "என் ரொட்டியா? நான் அதுல சர்க்கரையே போடறதில்லையே!" மாவும் உள்ளே போனால் சர்க்கரையாகத்தான் ஆகிறது என்றேன். முகம் தொங்கிப்போயிற்று.

அவருடைய அம்மா, என் அத்தை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும். இவ என்னடான்னா எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. பிள்ளை எலிக்குஞ்சு மாதிரி பொறக்கப்போகுது, பாரு."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் பிள்ளையை நானே பட்டினி போடுகிறேனா?

மார்ச் 11

பட்டினி கிடக்கவே கூடாதாம், செவிலியர் சொன்னார். மூன்று வேளை, நடுவில் சின்னச் சின்னதாக இன்னும் மூன்று. தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு முட்டையோ மீனோ பருப்போ, மீதிக் கால்பங்கு சோறோ ரொட்டியோ. சாப்பிட்டதும் நடை.

"எவ்வளவு வேகமா?"

"பேசிக்கிட்டே நடக்க முடியணும். தலை சுத்தினாலோ, வயிறு இறுகினாலோ, ரத்தம் பட்டாலோ உடனே நின்னுட்டு எங்களைக் கூப்பிடுங்க."

மார்ச் 16, ஞாயிறு

மூன்று நாளாக ஒரே ரொட்டி, ஒரே எடை. 84 கிராம், நானே நிறுத்தது.

வெள்ளி: ரொட்டி மட்டும் சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டேன். 178.
சனி: முதலில் முட்டையும் கீரையும், பிறகு ரொட்டி. 149.
இன்று: சனிக்கிழமை போலவே சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் நடை. 127!

அதே ரொட்டிதான். நடக்கும்போது கால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறதாம். ஊரார் தராசையெல்லாம் பிரித்துப் பார்த்தவள் நான். எனக்குள் இப்படி ஒரு இயந்திரம் ஓடுவது முப்பத்தொரு வருடமாகத் தெரியவில்லை.

மார்ச் 23

அவர் ஒரு வாரமாகப் பேசாமல் ஏதோ செய்துகொண்டிருந்தார். இன்று புது ரொட்டி வந்தது. முழுக்கோதுமை, கொண்டைக்கடலை மாவு, ஆளிவிதை. செங்கல் கனம். சரியாக ஒரு மணி நேரத்தில் கடையிலிருந்து போன்: "எவ்ளோ?"

"நூத்திப் பதினெட்டு."

மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி ஒரு கூச்சல். ருசி எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லவேளை.

ஏப்ரல் 2

அத்தை விரலை நீட்டினார். "எனக்கும் ஒண்ணு குத்து, பாக்கலாம்." விளையாட்டுக்குத்தான். புது ஊசி போட்டுக் குத்தினேன். 268. கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தேன். 263.

எண்ணின் அர்த்தத்தைச் சொன்னேன். கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "உன் புருஷன் பொறந்தப்ப நாலே முக்கால் கிலோ. அக்கம்பக்கமெல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு. நான் ஒரு மாசம் எழுந்திருக்கலை" என்றார்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவனுக்கு முன்னாடி ஒண்ணு. அதுவும் பெருசுதான். அரை நாள் இருந்துச்சு."

கல்யாணமாகி ஆறு வருடம். இன்றுதான் கேள்விப்படுகிறேன். "அவருக்குத் தெரியுமா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று.

"அப்ப யாரும் குத்திப் பாக்கலையேம்மா" என்றார் அத்தை.

கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 4

அத்தைக்குச் சர்க்கரை நோய் உறுதி. பல வருடமாகவே இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். மாத்திரை கொடுத்திருக்கிறார். கிளம்பும்போது அத்தை செவிலியரிடம் மெல்லக் கேட்டார்: "அப்ப அந்தப் புள்ள போனது...?"

"அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாதும்மா."

பொய்யாகக்கூட ஆறுதல் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. அத்தைக்கு? தெரியவில்லை. வீட்டுக்கு வந்தோம். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, போயிட்டு வரலாம்" என்றார்.

ஏப்ரல் 19

தினமும் இருவருமாக மூன்று நடை. பேசிக்கொண்டே நடக்கும் பரீட்சையில் அத்தையை ஜெயிக்க ஆளில்லை.

ஏப்ரல் 27

காலை எண்கள்: 101, 104, 103. எல்லாம் ஒழுங்காகத்தானே செய்தேன்! எங்கே தப்பு? நேற்று அந்த ஆப்பிளா?

ஏப்ரல் 28

தப்பே இல்லையாம். வாரம் ஏற ஏற நஞ்சுக்கொடியின் கை ஓங்குமாம். தூக்கத்தில் நடக்கவா முடியும்? படுக்கும் முன் இன்சுலின் ஊசி. தோற்றுப்போன மாதிரி இருந்தது. அவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"அடுப்புல சூடு தானா ஏறினா நான் ரொட்டியையா திட்டுவேன்? சூட்டைக் குறைப்பேன். அவ்ளோதான்."

முதல் ஊசியை அவர்தான் போட்டார். ஊசி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டதும் அவர்தான்.

மே 5

காலையில் 88.

மே 31

நேற்று பிறந்தாள். 3.2 கிலோ. எலிக்குஞ்சும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. உடனே பால் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு அவள் குதிகாலில் ஒரு குத்து. வீறிட்டாள். செவிலியர் கையிலிருந்த கருவியை எட்டிப் பார்த்தேன்.

58. "நல்லா இருக்கு. இன்னும் ரெண்டு மூணு தடவை பாப்போம்" என்றார் செவிலியர். பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாக இருந்தது.

ஜூலை 15

அதே சர்க்கரைத் தண்ணீர், அதே மூன்று குத்து. எனக்கு இப்போது சர்க்கரை இல்லை. ஆனால் வருடந்தோறும் பார்க்க வேண்டும், பின்னாளில் வரலாம். சரி, பார்ப்போம்.

ஜூலை 20, ஞாயிறு

மாலை எல்லோருமாக நடக்கப் போனோம். தபால் நிலையத்தைத் தாண்டும்போது அத்தை சட்டென்று அவரிடம் சொன்னார்: "உனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தான்டா."

அவர் நின்றுவிட்டார். அத்தை நிற்கவில்லை. நாலு எட்டில் அவர் போய்ச் சேர்ந்துகொண்டார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் குழந்தையோடு கொஞ்சம் பின்தங்கியே நடந்தேன்.