சுண்ணாம்புக்கல் என்று நீங்கள் சொன்ன கல்

இன்னும் எனக்கு மூத்தவராகவே இருக்கிற அன்பு அண்ணைக்கு,

உங்கள் முதல் வருட ஆட்டைத் திவச நினைவு மலருக்கு எழுதச் சொல்லி உங்கள் மகன் கோப்பாய்க்கு வந்து கேட்டான். நல்லதாக நாலு வரி போதுமாம். எனக்கு நல்லதாக எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும். அவன் இதைப் போடாவிட்டால் நானே அச்சடித்துக் கொடுப்பேன்.

அந்தக் கல் நினைவிருக்கிறதா? ஜெர்மனியில் பழைய ஈயச் சுரங்கமொன்றுக்குப் பக்கத்தில் இருக்கிற என் மகள் கொண்டுவந்தது. வெள்ளை மணற்கல். மணலுக்கு இடையில் ஈயத்தாது சாம்பல் முடிச்சுகளாக உறைந்திருந்தது. மேலே பச்சையாய் மலகைற்று, ஒரு மூலையில் நீலமாய் அசூரைற்று. இரண்டும் செம்பின் தாதுகள். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த நேரம் போகப் பழைய புத்தகங்களில் நானே படித்தறிந்தேன்.

நீங்கள் விஞ்ஞான வாத்தியார். வாசகசாலையில் எல்லாரும் இருக்க, அந்தப் பச்சையில் ஒரு துளி அமிலம் விட்டீர்கள். நுரைத்தது.

"சுண்ணாம்புக்கல்லடா. பச்சை, பாசி. தோட்டக்காரனுக்குச் செம்பு வேணுமெண்டால் குசினியிலை சட்டி பானையோடை கிடக்கு."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

எங்கள் மண்ணில் எங்கே கிண்டினாலும் சுண்ணாம்புக்கல். நுரைப்பதெல்லாம் அதுதான் என்று நினைத்துவிட்டீர்கள். மலகைற்றும் நுரைக்கும், அண்ணை. வடிந்த துளி பச்சையாக இருந்ததே, பார்க்கவில்லையா? அதில் இரும்பாணியை வைத்தேன். செம்பு படிந்து சிவந்தது. அந்த ஆணியை உங்கள் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை கொண்டுவந்தேன். "துரு" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினீர்கள். என்னோடு கதைத்த கடைசிச் சொல் அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கீரிமலைக் கடற்கரையில் உங்கள் உயிரை இருத்தக் குருக்கள் ஒரு கல் கேட்டார். மகள் கொண்டுவந்த அந்தப் பச்சைக் கல்லை நான்தான் கொடுத்தேன். எள்ளும் தண்ணீரும் இறைத்து, மந்திரம் சொல்லி உங்களை அதற்குள் இருத்தினார்கள். கடலில் விடுவதற்கு முன் உங்கள் மகன் வேட்டி மாற்றப் போன நேரத்தில் நான் கல்லை மாற்றினேன். கடலுக்குப் போனது வெறும் சுண்ணாம்புக்கல்.

போன கிழமை உங்கள் மனைவி, மச்சாள், சொன்னா: "தம்பி, கொண்ணை கனவிலை வந்து நிக்கிறார். தண்ணி கேக்கிறார்."

இதை அவவும் வாசிப்பா. வாசிக்கட்டும்.

நீங்கள் என் மேசையில், ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். என் கனவில் வந்து, "ஓம், செம்புதான்" என்று ஒருமுறை சொல்லுங்கள். விடிந்ததும் நானே கீரிமலைக்குக் கொண்டுபோய் விடுவேன். மச்சாளிடம் சொன்னால் செல்லாது. என்னிடம் சொல்லவேண்டும். அதுவரை விடமாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின் பிறந்த தோட்டக்காரன்,
உங்கள் ஒரே தம்பி