வண்டி விட்ட இடம்

1965 ஜூலை 11, ஞாயிறு

மழை விட்டதும் சயான் குன்றுக்குக் கூட்டம் வந்துவிட்டது. தோட்டத்து வாசலை ஒட்டி நான்கு கார்கள் நிற்கத்தான் இடம். காசில்லை, யாரும் நிறுத்தலாம். ஆனால் அதில் ஒன்று எப்போதும் எங்கள் ஃபியட்டுக்கு. ஒரு குஜராத்திக் குடும்பம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கிழவரைத் தெருமுனையில் இறக்கி நடத்திக் கூட்டி வந்தது. "யே கிஸ்கா ஹை?" என்று, வண்டி யாருடையது எனக் கேட்டு, டிரைவர் கத்தினான். காவல்காரன் மூன்றாம் மாடியில் என் ஜன்னலைக் காட்டினான். நான் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

அடுத்த மாதம் வந்தால் ஒரு வருஷம். காலையில் வண்டியை அங்கே விட்டுவிட்டுக் குன்றின் மேல் நடக்கப் போன என் கணவர் இறங்கி வரவில்லை. போலீஸ் குன்றைத் தேடியது, அந்தப் பக்கத்து உப்பளங்களைத் தேடியது. உடலும் இல்லை, தகவலும் இல்லை. வண்டி மட்டும் அன்று விட்ட இடத்திலேயே நிற்கிறது.

வந்தால் முதலில் வண்டியைத்தானே தேடுவார்?

ஜூலை 19

விடிகிற நேரத்தில் கார்க் கதவு இரண்டு தரம் சாத்துகிற சத்தம். எங்கள் ஃபியட்டின் கதவு முதல் தரத்தில் பிடிக்காது. அவர் எப்போதும் இரண்டு தரம் சாத்துவார். செருப்புக்கூடப் போடாமல் கீழே ஓடினேன். வண்டிமேல் தூங்குமூஞ்சி மரத்து இலைகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை.

ஆகஸ்ட் 3

பின்தெரு வேங்கடசுப்ரமணியன் மாமா மாடியேறி வந்தார். பெரிய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். காப்பி வேண்டாம் என்றார்.

"தப்பா எடுத்துக்காதே ஷ்யாமளா. மாமிக்கு முட்டி மடங்கவே மாட்டேங்கறது. சாயங்காலம் செத்த நாழி தோட்டத்துல உக்காந்தா அவளுக்கு உசிர் வந்த மாதிரி. வாசல்ல எடமில்லேன்னா எங்க கொண்டு இறக்கறது, சொல்லு?"

"அவர் வந்ததும் எடுத்துடுவார், மாமா."

ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தரையைப் பார்த்தபடி எழுந்து போய்விட்டார். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போகவில்லை.

எங்கள் கட்டடத்தில் கார் நிறுத்த இடம் கிடையாது. அதனால் இவர் ஆபீஸ் போகும்போது அந்த இடத்தில் இரண்டு கல்லை வைத்து, மேலே ஒரு ஈரிழைத் துண்டைப் போட்டுவிட்டுப் போவார். ரயிலில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி! தெருவே சிரித்தது. மாமா மட்டும் சண்டைக்கு வந்தார்: "இதென்னடா, மெட்ராஸ் மெயிலா? துண்டு போட்டு சீட் பிடிக்கறே!"

எனக்கும் வெட்கம்தான். பொது இடம் என்றால் என்ன அர்த்தம் என்று இவரிடம் கேட்டேன். "யார் மொதல்ல துண்டு போட்டாளோ அவா எடம்னு அர்த்தம்" என்று சிரித்தார்.

இப்போது நான் போட்டிருக்கும் துண்டு அந்த வண்டி.

செப்டம்பர் 9

எல்லையில் சண்டை தொடங்கியதிலிருந்து ஊரெல்லாம் இருட்டடிப்பு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தார். காரின் முன்விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு அடிக்க வேண்டும். அதோடு, யுத்த சமயத்தில் எடுக்காத கார் குன்றடியில் நிற்கக் கூடாது. இந்த வாரத்துக்குள் எடுக்காவிட்டால் அவர்களே இழுத்துப் போவார்களாம்.

பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு போய் நானே அடித்தேன். கண்ணில் புரை விழுந்த ஆள் மாதிரி வண்டி என்னைப் பார்த்தது. எங்கே போவேன் நான்? இதை எடுத்துவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று?

செப்டம்பர் 12

மாமா வீட்டுக்குப் போனேன். போலீஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்றேன்.

அவர் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ஈரிழைத் துண்டு. எங்கள் துண்டு.

"அவன் காணாமப் போன அன்னிக்குக் காலம்பர தோட்டத்து வாசல்ல நின்னுண்டிருந்தேன். வண்டியை விட்டுட்டு எங்கிட்ட வந்தான். துண்டை உதறி என் கையில குடுத்தான். 'மாமா, எடத்தை உங்களுக்கே விட்டுட்டேன்'னான். முந்தின நாள்தான் எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. நக்கல் பண்றான்னு நெனச்சுண்டேன். 'உன் பிச்சை யாருக்குடா வேணும்'னேன். அவன் சிரிச்சுண்டே மேலே ஏறிப் போனான்."

"போலீஸ்ல ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? துண்டு குடுத்தான்னா? அப்பறம்... அப்பறம் சொல்லவே முடியாமப் போயிடுத்தும்மா."

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

தினமும் சாயங்காலம் இவர் படியேறி வந்து "வண்டியை விட்டுட்டேன்" என்பார். நிறுத்திவிட்டேன் என்றுதான் எனக்குக் கேட்கும். கைவிட்டுவிட்டேன் என்று எப்படிக் கேட்கும்? காணாமல் போவதற்கு இரண்டு மாதம் முன்புதான் வண்டியை என் பெயருக்கு மாற்றினார். எதற்கு என்றேன். "இருக்கட்டுமே" என்றார். நானும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவர் துண்டை எடுத்துவிட்டார். அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 13

துண்டில் அவர் வாசனை இல்லை. மாமி சோப்புப் போட்டு அலசி மடித்து வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 15

தாராவியில் பட்டறை வைத்திருக்கும் மன்சூர் அலி வந்து வண்டியை வாங்கிக்கொண்டார். திருநெல்வேலிப் பக்கம். கதவை ஆட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கதவு பிடிக்க மாட்டேங்கு?"

"ரெண்டு தரம் சாத்தணும்."

"அது ஒண்ணுமில்ல, சரி பண்ணிப்போடுதேன்."

வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எந்த உரிமையில் சொல்வது? அவருடைய ஆட்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். நின்ற இடத்தில் ஒரு கார் அளவுக்குத் தரை வெளுத்திருந்தது.

செப்டம்பர் 29

மாமியின் கார் அங்கே நின்றது. இருட்டுவதற்குள் எடுத்துவிட்டார்கள். மாமா ஜன்னலை அண்ணாந்து பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 31, ஞாயிறு

காலையில் சேப்பங்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். கீழே கார்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒரு கதவு சாத்துகிற சத்தம். ஒரே தரம். கிளறிக்கொண்டிருந்த கையை நான் நிறுத்தவில்லை.

"வாப்பா, மேல ஏறுவமா?" என்று ஒரு குழந்தையின் தமிழ் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன். மன்சூர் அலி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அவருக்குப் பின்னால், அதே மரத்தடியில், அதே இடத்தில், விளக்கில் பாதிக் கறுப்பு இன்னும் அழியாமல், எங்கள் வண்டி.

ஒரே தரத்தில் சாத்தியது எங்கள் கதவுதான் என்று எனக்குத் தெரியவே இல்லை.