அடிப்பனி, பூஜ்யம் டிகிரி

செப்டம்பர் 3, 2049. காலை 7:10

ரிங்சென் பனியாற்று நிலையம், இமயம். உயரம் 5,140 மீட்டர். பதிவர்: ஆவுடை, பனியியலாளர். தனியாக இருக்கிறேன். மாற்று ஆள் இருபதாம் தேதி வருவார்.

காற்று: 4 டிகிரி. நகர்வு: நாளுக்கு 6 சென்டிமீட்டர். 140 மீட்டர் ஆழத்தில், பனி பாறையைத் தொடும் இடத்தில்: மைனஸ் 1.9 டிகிரி. அடிப்பனி பாறையோடு உறைந்து ஒட்டியிருக்கிறது, வழக்கம்போல. உப்புமா கருகிவிட்டது. பாத்திரம் ஊறுகிறது.

செப்டம்பர் 6. மாலை 4:30

மழை. பனி அல்ல, மழை. பதினோரு ஆண்டுகளில் இந்த உயரத்தில் நான் பார்த்ததில்லை. பனியின்மேல் நீலக் குட்டைகள். ஒரு குட்டை நாற்பது நிமிடத்தில் காணாமல் போனது. நீர் விரிசல் வழியே இறங்குகிறது, ஆனால் வெளியே வரவில்லை. பனியாற்றின் முகத்தில் ஓடும் ஓடை நேற்றைவிட மெலிந்திருக்கிறது. எல்லாம் அடியில் தேங்குகிறது.

அடிப்பனி: மைனஸ் 0.8.

செப்டம்பர் 8. காலை 6:00

அடிப்பனி: மைனஸ் 0.2. பூஜ்யம் ஆனால் பாறையின் பிடி விட்டுவிடும். நகர்வு: நாளுக்கு 2 மீட்டர். கருவியை மூன்று முறை சோதித்தேன். பிழை கருவியில் இருந்துவிடக் கூடாதா என்று இருந்தது. இல்லை.

இந்தப் பதிவுப் பெட்டியைக் கண்டெடுப்பவர் ஒன்றை அறிய வேண்டும். கீழே பன்னிரண்டு கிலோமீட்டரில் நீர்மின் சுரங்கம் தோண்டுகிறார்கள். முந்நூற்று நாற்பது பேர் அங்கே தங்கியிருக்கிறார்கள். அந்த இடம் பாதுகாப்பானது என்ற அறிக்கையில் இருப்பது என் கையொப்பம். பாறையோடு உறைந்த பனி, முப்பது ஆண்டுகளுக்கு அறுந்து வராது என்று எழுதினேன். எழுதி ஆறு ஆண்டுகள்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 9. காலை 8:20

இடி விழுந்தது. செயற்கைக்கோள் இணைப்பு எரிந்துவிட்டது. தானியங்கி எச்சரிக்கை இனிப் போகாது. கீழே எட்டக்கூடியதில் கூரைக் கம்பத்தோடு இணைந்த வயர்லெஸ் மட்டும் மிச்சம். கீழே சுரங்க முகாமை ஒட்டிய பாலத்தருகே ராணுவச் சாவடியில் ஹவில்தார் பச்சையப்பன் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்துக்காரர். தினமும் என்னிடம் வானிலை கேட்பவர். நேரில் பார்த்ததில்லை. முகாமைக் காலி செய்யச் சொல்லி அவர்வழி செய்தி அனுப்பினேன்.

"மேடம், கேம்ப் மேனேஜர் நம்ப மாட்றாரு. நீங்க எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டையே எடுத்துக் காட்றாரு."

"எழுதுன ஆளே அது தப்புன்னு சொல்லுதேன்னு சொல்லுங்க. பனி அறுந்து வரப்போகுது. மொத்தமா."

நகர்வு எண்களைப் படித்துக் காட்டினேன்.

"செரி மேடம். அவரை நான் பாத்துக்கறேன்."

9:50

நகர்வு: மணிக்கு 3 மீட்டர். நிலையக் குடிலின் தரை சாய்ந்துவிட்டது. வடக்கே பாறை முகடு. நாற்பது நிமிட நடை. பையைக் கட்டினேன்.

"ஜனங்க மேட்டுக்கு ஏறிக்கினு இருக்காங்க மேடம். ஆனா சுரங்கத்துக்குள்ள ஒரு ஷிப்ட் மாட்டிக்கினு இருக்குது. இருபத்தாறு பேரு. உள்ள போன் வேலை செய்யல. நான் போறேன். என் வயர்லெஸ் செட்டு உள்ளயும் கேக்கும். எவ்ளோ நேரம் இருக்குதுன்னு சொல்லிக்கினே இருங்க."

கையில் எடுத்துப்போகும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கம்பம் குடிலின்மேல். குடில் பனியின்மேல்.

பையை அவிழ்த்தேன்.

10:40

மணிக்கு 19 மீட்டர். விரிசல்கள் துப்பாக்கிபோல் வெடிக்கின்றன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மிச்ச நேரத்தைச் சொல்கிறேன். அவர் பக்கம் மூச்சு மட்டும் கேட்கிறது. ஒருமுறை, "இன்னும் ஒரு கிலோமீட்டர் உள்ள போவணும்" என்றார்.

பயமாக இருக்கிறது. தட்டச்சுப் பிழைகளைத் திருத்தவில்லை.

11:05

மணிக்கு 70 மீட்டர். அடிப்பனி: 0.0.

முகட்டுக்கும் பனிக்கும் நடுவே பிளவு திறந்துவிட்டது. இருபது மீட்டர் அகலம். அடி தெரியவில்லை. இனி அங்கே போக வழியில்லை.

"ஆளுங்களப் பாத்துட்டேன் மேடம். ஓடியாறோம்."

"ஓடுங்க. நிக்காதீங்க."

11:24

"வெளிய வந்துட்டோம். இருபத்தஞ்சு பேரு. ஒருத்தருக்குக் கால் கல்லுக்கடியில சிக்கிக்கிச்சு. இழுத்துப் பாத்தோம். போங்கடான்னு அவரே சொன்னாரு. பேரு கூடக் கேக்கல மேடம்."

அவரே மறுபடி பேசினார்.

"மேட்டுல ஏறிக்கினு இருக்கோம். நீங்க எறங்கிட்டீங்கல்ல?"

"பாறைமேலதான் இருக்கேன். ஏறுங்க. திரும்பிப் பாக்காதீங்க."

இது பொய். இந்தப் பதிவில் மற்றதெல்லாம் உண்மை.

11:31

நொடிக்கு 2 மீட்டர். அதிர்வு நின்றுவிட்டது. வழவழவென்று போகிறது. சன்னலில் பார்த்தால் பனி அசையவில்லை. மலைகள்தான் பின்னோக்கி நடக்கின்றன.

"மேடம். பாறைமேலருந்து உங்க குரல் எனக்கு எட்டாதே."

11:32

நொடிக்கு 9

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் கம்பம் இன்னும் விழவில்லை எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்று கேட்டேன் அழுகிறார் உயரத்தைச் சொல்லுங்கள் என்றேன் நூற்றிருபது மீட்டர் என்கிறார் போதாது இன்னும் ஏறுங்கள் இன்னும்

நொடிக்கு 17

ஏறு