கப்பல் கதைக்கு வைத்த பொய் இடைவேளை

9 பிப்ரவரி 2003, ஞாயிறு

காலையில் பனி. கடல் தெரியவில்லை, கப்பலும் தெரியவில்லை. பாலில் லாக்டோமீட்டர் நன்றாகவே இறங்கியது. தண்ணீர்தான். பால்காரரிடம் சொன்னேன். "மாடு நேத்து தண்ணி நெறைய குட்ச்சிடுச்சிமா" என்கிறார்.

ராயபுரத்தில் திரைக்கதை வகுப்பு, தொடங்கி மூன்றாவது ஞாயிறு. டியூஷன் சென்டரின் மாடி. கரும்பலகையில் யாரோ போட்ட கணக்கு, பாதி அழிந்து. ஏழு பேர். பெண் நான் மட்டும். வயதிலும் நானே மூத்தவள். கதிர்வேலன் சார் பல வருடம் இணை இயக்குநராக இருந்தவர். சொந்தமாக ஒரு படமும் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை.

இன்றைய பாடம்: முதலில் ஆள். பிறகு அவள் வேண்டுவது. பிறகு குறுக்கே நிற்பது. நடுவில், திரும்பிப் போக முடியாதபடி ஓர் அடி. அதுதான் இடைவேளை. "ஜனங்க வெளிய போய் முறுக்கு வாங்கணும், ஆனா கடிக்க மறக்கணும்." காரணம் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாதாம். எங்கள் பெயின்ட் கம்பெனி லேபில் பாதி நாள் காரணம் இல்லாமல்தான் பெயின்ட் திரிகிறது. சொல்லவில்லை.

சந்தேகம் இரண்டு.

ஒன்று: எழுதிக் கொண்டுவரக் கூடாது, கதையை வாயால்தான் சொல்ல வேண்டும் என்கிறார். தயாரிப்பாளர்கள் படிக்கமாட்டார்கள், கேட்பார்கள், அதனால் பழக வேண்டுமாம். காகிதத்தில் இல்லாத கதை யாருடையது?

இரண்டு: சொல்லும்போது மேஜைமேல் டேப் ரெக்கார்டர் ஓடுகிறது. "உங்க குரலை நீங்களே கேட்கணும்." கேசட்டுகள் எங்கே போகின்றன?

பஸ்சில் உட்கார இடம் கிடைத்தது. வரும் வழியில் கத்தரிக்காய், புளி.

11, செவ்வாய்

பனி இல்லை. கப்பல் அதே இடத்தில், துருப்பிடித்த சிவப்பாக. நான்கு மாதமாக நிற்கிறது. முதலாளி கைவிட்டுவிட்டான், வழக்கு முடியும்வரை ஆட்கள் யாரும் இறங்கக் கூடாது. அதில் சமையல்காரர் சேவியர், எங்கள் கீழ்வீட்டு பிலோமினாவின் கணவர். உலகமெல்லாம் சுற்றிவிட்டுச் சொந்த ஊருக்கு எதிரே வந்து நிற்கிறார். மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். போக முடியாது. குப்பத்துப் படகுக்காரர்களை எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள். பெண்ணை ஏற்றிக்கொண்டு கப்பலருகே போனால் போலீஸ் கேஸ் ஆகும் என்று மறுத்துவிட்டார்கள்.

இதுதான் என் கதை. நாற்பத்தெட்டு வயதில் என்னிடம் இருக்கும் ஒரே கதை.

துணி காயப்போடப் போனபோது பிலோ மாடியில். கையில் சேவியரின் சவரக் கண்ணாடி. ஏழு மணி வெயிலைப் பிடித்துக் கப்பல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தினமும் செய்கிறாளாம்.

"பாத்துட்டீங்களா? யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. சிரிப்பாளுங்க."

"சொல்லமாட்டேன்."

"அவர் பாக்குறாரோ இல்லியோ, யாருக்குத் தெரியும்."

இறங்கி வந்து முதல் வேலையாக அதை எழுதிவைத்தேன். நல்ல தொடக்கக் காட்சி.

13, வியாழன்

லேபில் பச்சை பேட்ச் மறுபடி கோளாறு. சூப்பர்வைசருக்கு என்மேல் கோபம்.

வகுப்பில் வரும் நஸீர் பாய் வீட்டுக்குப் போன் செய்தார். தண்டையார்பேட்டையில் விசிடி கடை வைத்திருப்பவர். கோடம்பாக்கத்தில் பாதிப் பேர் தன் தோஸ்து என்பார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது? சார் கொடுத்தாராம்.

"மேடம், போன வாரம் கப்பல்னு ஒரு வார்த்த சொன்னீங்களே, அது எந்தக் கப்பல் மேடம்?"

"கற்பனைக் கப்பல்."

"சர்தான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். கிளம்பும்போது சொன்னேன். "உன் கதையத் திருடி அவன் என்ன பண்ணுவான், விலைபோற சரக்கா அது?" என்றார். ஆறுதலா கிண்டலா, தெரியவில்லை.

16, ஞாயிறு

இன்று என் முறை. பஸ்சிலேயே முடிவு செய்துவிட்டேன், உண்மையான கதையைக் கொடுக்கப்போவதில்லை. நான் வைத்திருக்கும் இடைவேளை வேறு: வழக்கு முடிந்துவிட்டது என்று அவள் கோழி வாங்கிக் குழம்பு வைக்கிறாள், இல்லை என்று தகவல் வருகிறது. அதை மறைத்துவிட்டு ஒரு பொய் இடைவேளை. நாளைக்கு எங்கேயாவது படத்தில் அந்தப் பொய் வந்தால் யார் எடுத்தார்கள் என்று தெரிந்துவிடும். லேபில் மாதிரிக்கு அடையாளம் போடுவதுபோல.

டேப் ஓடியது. கண்ணாடியில் தொடங்கினேன். இடைவேளை: கப்பல் சமையலறையில் கேஸ் வெடிக்கிறது. சமையல்காரன் கருகிப்போகிறான், கையில் பிடித்த கரண்டியோடு. கரையில் அவள் கண்ணாடியைக் காட்டிக்கொண்டே நிற்கிறாள்.

முடித்ததும் சார் மேஜையைத் தட்டினார். "அம்மா, இது இடைவேளை!" நஸீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பா? சந்தோஷமாக இருந்தது, ஒளிக்க வேண்டாம். பொய்தான் என்று சொல்லிவிடத் தோன்றியது. சொல்லவில்லை.

பிறகு சாரின் புதிய பயிற்சி. சொந்தக் கதையில் ஓட்டை தெரியாது, அதனால் ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துக்கொண்டு டீக்கடையில் சொல்லிப் பார்க்க வேண்டும். சினிமா என்று சொல்லக் கூடாது. நடந்ததாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவன் கையில் டீ ஆறிப்போனால் கதை தேறிவிட்டது என்று அர்த்தம். இணை இயக்குநராக இருந்த காலத்தில் அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

என் கதை நஸீர் பாய்க்கு. அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

எனக்கு வந்தது ஒரு பையனின் இரட்டைக் கொலைக் கதை. டீக்கடையில் நின்று நான் கொலை சொல்வதா!

18, செவ்வாய்

காய்ச்சல் மாதிரி. எண்ணூர் பக்கத்துப் புகை வீட்டுக்குள். ஜன்னலைச் சாத்தினேன்.

பஸ்சிலிருந்து பார்த்தேன்: தேரடி டீக்கடை வாசலில் நஸீர் பாய். தண்டையார்பேட்டைக்காரருக்கு எங்கள் திருவொற்றியூரில் என்ன டீ? சுற்றிலும் ஆட்டோக்காரர்கள், மீன்கூடையோடு இரண்டு பெண்கள். கையை நீட்டி எதையோ காட்டுகிறார், கடல் பக்கம். பஸ் நகர்ந்துவிட்டது.

என் கதைதான். என் பெயரைச் சொல்வாரா? மாட்டார்.

20, வியாழன்

எழுதக் கை வரவில்லை. வரிசையாக மட்டும்.

வேலை முடிந்து ஐந்தரைக்கு வந்தேன். வாசலில் கூட்டம். உள்ளே பிலோ தரையில், தலை விரிந்து. சுற்றிலும் பெண்கள். மீன் விற்கும் அமலோற்பவம் மார்பில் அடித்துக்கொண்டு:

"கப்பல்ல கேஸ் வெட்ச்சிச்சாம்டி! சமையக்காரன் கருகிட்டானாம்! கரண்டிய கையில புட்ச்சிகினே செத்தானாம்!"

கரண்டி நான் வைத்தது.

இன்னொருத்தி: "டெய்லி காலைல கண்ணாடி காட்டுவாளாமே, அந்தப் பொண்ணு புருசன்தான்னு சொல்லிகினாங்க."

பிலோ தலையைத் தூக்கினாள். "இன்னா கண்ணாடி?" என்றாள். பிறகு மறுபடி அழுகை.

மாடிக்கு ஓடினேன். கப்பல் இருந்தது. புகை இல்லை, ஒன்றும் இல்லை. இறங்கி வந்து, "பிலோ, அது பொய்யாகத்தான் இருக்கும்" என்றேன்.

"உங்களுக்கு எப்டிக்கா தெரியும்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புகை தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன். நான்கு மாதமாகத் துருப்பிடித்து நிற்கிற கப்பல், உள்ளே எரிந்தால் வெளியே தெரியுமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

கூட்டத்திலிருந்து குப்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "போலீஸ் கேஸாவது மயிராவது. படகுல ஏறுமா" என்றார். இத்தனை மாதமாக மறுத்தவர்கள்தான். ஃபைபர் படகில் பிலோவும் அமலோற்பவமும். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று வேகமாகப் போனார்கள். மாடியில் நின்று பார்த்தேன். படகு சின்னதாகி, அலைக்குள் போய், மறுபடி தெரிந்து.

அவள் அங்கே போய்ச் சேரும்வரை அவளுக்கு அவர் செத்தவர். அது என் வேலை.

விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பினார்கள். தெரு முனையிலேயே அமலோற்பவத்தின் குரல்: "கீறான்யா! உயிரோட கீறான்!"

21, வெள்ளி

லீவு போட்டேன். பிலோவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி. எனக்கும் சொன்னாள்.

"மேல கம்பியப் புட்ச்சிகினு எட்டிப் பாக்குறான்க்கா. நான் அழுவுறேன். அவன் கத்துறான், 'ஏன்டி அழுவுற, நான் வெயிட்டு போட்டுட்டேன்'னு! தொப்ப வச்சிகீது! சமையக்காரனாச்சே!"

"கண்ணாடி?" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது.

"அத்த ஏன் கேக்குறீங்க. டெய்லி காலைல கரையில ஒண்ணு மின்னுதாம். எவனோ பொடிப்பையன் வெளாட்றான்னு நென்ச்சிகினு கீறான் மனுசன்." சிரித்துக்கொண்டே இருமினாள். பிறகு: "புரளி கிளப்புனவன் மட்டும் கையில கெடைக்கட்டும். மொதல்ல செருப்பால ரெண்டு. அப்பால கால்ல வுழுந்து ஒரு கும்புடு. அவனால தான அவர் மூஞ்சியப் பாத்தேன்."

இதைச் சொல்லும்போது என் முகத்தையே பார்த்தாளா? அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

22, சனி

காலை பத்து. நஸீர் பாய் பிலோ வாசலில். அவரே விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் மாடிப்படியில், பாதியில்.

"தங்கச்சி, மன்னிச்சிக்கோமா. அது நான் வுட்ட கதை. சினிமாவுக்குன்னு, கப்பல் தெரியிற எடமாச்சேன்னு இங்க டீக்கடைல சொன்னேன். நெசமாவே ஒரு பொண்ணு இருக்கும்னு அல்லா சத்தியமா தெரியாது."

பிலோ துடைப்பத்தை எடுத்தாள். இரண்டு அடி. நகராமல் வாங்கிக்கொண்டார்.

"கண்ணாடி எப்டிடா தெரியும் உனக்கு?"

அவர் நிமிர்ந்தார். படியில் என்னைப் பார்த்தார். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

"அது நானா சேத்துகினதுமா. என் கதை, எல்லாம் என் கதை."

பிலோ துடைப்பத்தைக் கீழே போட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

இத்தனை வாரமாக நான் பயந்தது இந்த வார்த்தைக்குத்தான். நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார், கதை தன்னுடையது என்று. சாட்சியும் இருக்கிறது. மதியம் முழுக்க யோசித்தேன், இதில் அவருக்கு என்ன லாபம்? அடியைத் தவிர ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் யோசிக்கிறேன்.

23, ஞாயிறு

வகுப்புக்குப் போனேன். நஸீர் பாய் சொல்ல வேண்டிய முறை. எழுந்ததும், "சார், இது மேடத்தோட கதை. நான் சொல்றவன் மட்டும்" என்றார். டேப்பில் பதிந்தது. பிறகு, "அந்த இடைவேளை மட்டும் வேணாம் சார். மாத்திரலாம்."

"பைத்தியமா உனக்கு? தியேட்டரே எழுந்து நிக்கும்யா" என்றார் சார்.

"எய்ந்து நின்னத நான் பாத்துட்டேன் சார்."

யாருக்கும் புரியவில்லை. என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார். வெளியே வந்ததும், அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். "தோள்பட்டை வலிக்கிறதா?" என்று மட்டும்தான் கேட்க வந்தது. "தங்கச்சி கை நல்ல வெயிட்டு மேடம்."

கேசட்டுகளைப் பற்றியும் கேட்டேன். வாரா வாரம் அதே கேசட்டில்தான் சார் மேலே மேலே பதிகிறாராம். புதிது வாங்க வசதி இல்லையாம்.

சாயங்காலம் கீழே இறங்கினேன். பிலோ நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அந்தக் கதை நஸீர் பாயுடையது இல்லை, பிலோ. என்னுடையது. கேஸ் வெடித்ததாக வைத்ததும் நான்தான்."

கை நிற்கவில்லை. "கண்ணாடின்னு அவளுங்க சொன்னப்பவே தெரியும்க்கா. மாடில என்னப் பாத்தது நீங்க ஒர்த்தர்தான்." இன்னும் நாலு மீன். "நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துகினு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள். செருப்பும் இல்லை, கும்பிடும் இல்லை. எழுந்து வரும்போது ஒரு கிண்ணத்தில் நெத்திலி கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

24, திங்கள்

பனி இல்லை. நல்ல வெயில். ஏழு மணிக்குத் துணியோடு மாடிக்குப் போனேன். பிலோ அங்கே. என்னைக் கண்டதும் கண்ணாடியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "காஞ்சிடும்க்கா இந்த வெயிலுக்கு" என்றாள். இரண்டு புடவை, ஒரு போர்வை, இவருடைய சட்டைகள். நான் இறங்கும்வரை அவள் கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை.