அண்ணாவின் எதிரொலியை அழித்த கதை

என் உயிருக்கு நெருக்கமான பெரியண்ணாவுக்கு,

போன மாதம் உங்கள் கொம்பியூட்டரால் என் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது. துறைமுகக் கந்தோரில் வேலை பார்த்தே தலை நரைத்துப்போன எனக்கு, கந்தளாயிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பெயர் ஸ்டெல்லா, பள்ளிக்கூட ரீச்சர். "போனில முகம் சின்னனாத் தெரியும், பெரிய திரையில கதையுங்கோ" என்று அண்ணி என்னை உங்கள் கதிரையில் இருத்தினார்.

"வணக்கம், நான் அன்ரன்" என்றேன். கப்பல் ஊதுவதுபோல் ஒரு குரல் கிளம்பி, அன்ரன், அன்ரன், அன்ரன் என்று போய்க்கொண்டே இருந்தது. ஸ்டெல்லாவின் தகப்பன் திடுக்கிட்டு, "தம்பி, எங்க இருந்து கதைக்கிறீங்கள்?" என்றார். "பாலையூற்றில" என்றேன். பாலையூற்றே அதிர்ந்தது.

கலியாண வீடுகளில் பாட்டுப் போட நீங்கள் ஏற்றிவைத்த எதிரொலி மென்பொருள்தான் வேலை காட்டியது. அழைப்பை நிறுத்திவிட்டு அதை அழித்தேன். கொம்பியூட்டரை மூடித் திறந்தால் மறுபடியும் வந்து நிற்கிறது. உங்கள் பிடிவாதம் அதற்கும் தொற்றிவிட்டதா, அண்ணா?

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லாவே என் போனுக்கு எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது ஓடிக்கொண்டிருக்கேக்க அழிக்க ஏலாது. முதல் நிப்பாட்டுங்கோ, பிறகு அழியுங்கோ" என்றார்.

நிறுத்தினேன். "நிச்சயமாக நீக்கவா?" என்று திரை கேட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு இந்த வீட்டில் நீங்கள் வைத்த எதையும் நான் அசைத்ததில்லை. அண்ணி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அழியுங்கோ தம்பி. அவர் இருக்கேக்கயே எனக்கு அந்தச் சத்தம் பிடிக்காது." சொல்லிவிட்டு அழுதார். பிறகு சிரித்தார். நான் அழுத்தினேன்.

திரும்ப அழைத்தோம். இந்தமுறை ஒரே ஒரு வணக்கம்தான், என் மூக்கடைத்த குரலிலேயே போனது. ஸ்டெல்லா கொஞ்சம் யோசித்தார்.

"முந்தின குரல் நல்லாயிருந்தது. ஆனா ஒரு வீட்டுக்குள்ள வைச்சிருக்க இதுதான் வசதி."

தையில் கலியாணம். கோயிலில் உங்கள் இடத்தில் அண்ணிதான் என் பக்கத்தில் நிற்பார். அதன்பிறகும் மூவரும் ஒரே வீட்டில்தான். ஸ்டெல்லாவும் ஓம் என்றுவிட்டார். அண்ணியைத் தனியே விடமாட்டேன், அண்ணா. இது சத்தியம்.

உங்கள் கடைக்குட்டித் தம்பி,
அன்ரன்